வெயிலைத் தாங்க ஒரு மாத்திரை வருமா? ஒரகடம் தொழிலாளியின் உடலுக்குள் அடிக்கும் அலாரம்

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் டீக்கடைப் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: "இந்த வருஷம் வெயில் தாங்காது போலிருக்கே." அதே டீக்கடைக்கு எதிரே கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும். அதில் ஏறுபவர்களில் சிலருக்கு அன்று வேலையில் முதல் நாள். கான்ட்ராக்ட் மூலம் வந்தவர்கள். சிலர் முந்தைய நாள்தான் ஒடிசாவிலிருந்தோ பிஹாரிலிருந்தோ ரயில் இறங்கியிருப்பார்கள். எட்டு மணி நேர ஷிப்ட் அன்றே முழுதாகத் தொடங்கும். பத்து வருடமாக அங்கே வேலை செய்பவருக்கு என்ன வேலையோ, அதே வேலை. அதே சூடு.

இரண்டு பேரும் வெளியே ஒரே மாதிரி வியர்க்கிறார்கள். ஆனால் உள்ளே, உடலின் செல்களுக்குள், இருவர் நிலையும் ஒன்றல்ல. பழைய தொழிலாளியின் செல்கள் சூட்டைச் சமாளிக்கத் தயாராக இருக்கின்றன. புதியவரின் செல்கள் இன்னும் தயாராகவில்லை.

இந்தத் தயார்நிலையை ஒரு மாத்திரையால் கொண்டுவந்துவிட முடியுமா? உலகின் பல ஆய்வகங்கள் இதற்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கேள்வியோடு ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களைச் சலித்துக்கொண்டிருக்கின்றன. அந்தத் தேடல் எங்கே நிற்கிறது, ஒரகடம் தொழிலாளிக்கு அதில் என்ன இருக்கிறது, அவருக்கு இன்றே தேவைப்படுவது எது என்று பார்க்கலாம்.

செல்லுக்குள் என்ன நடக்கிறது?

முட்டையின் வெள்ளைக் கருவை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சையாக இருக்கும்போது தெளிவாக, வழவழவென்று இருக்கும். கல்லில் ஊற்றியதும் வெளுத்துக் கெட்டியாகிவிடும். அதில் புதிதாக எதுவும் சேரவில்லை. சூட்டில் அதன் புரதங்கள் தங்கள் வடிவத்தை இழந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவ்வளவுதான்.

நம் உடலில் நடக்கும் வேலைகளில் பெரும்பகுதியைச் செய்வது புரதங்கள். ஒவ்வொரு புரதமும் ஒரு நீண்ட சங்கிலி. அது குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்தால்தான் வேலை செய்யும். அந்தச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடிய முடியும் என்று உலகுக்கு முதலில் கணக்குப் போட்டுக் காட்டியது சென்னைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகிய மூவரும் 1963-ல் வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்றும் உலகம் முழுக்கப் புரத ஆய்வில் பயன்படுகிறது.

உடல் வெப்பநிலை சாதாரணமாக 37 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. அது 40, 41 என ஏறும்போது சில புரதங்கள் தளர ஆரம்பிக்கின்றன. தவறாக மடிந்த புரதம் வேலை செய்யாது. அதோடு விடாமல் பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொண்டு கட்டியாகும். முட்டை அளவுக்கு வேகாவிட்டாலும், ஆபத்து அதே வழியில்தான் வருகிறது.

இதற்கு எதிராகச் செல்லுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. 'வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்' என்று பெயர். எச்எஸ்பி-70, எச்எஸ்பி-90 ஆகியவை இவற்றில் முக்கியமானவை. தளர்ந்த புரதத்தைப் பிடித்து, ஒட்டிக்கொள்ளாமல் தடுத்து, மறுபடி சரியாக மடிய உதவுவது இவற்றின் வேலை. சரிசெய்ய முடியாததைக் குப்பைக்கு அனுப்பவும் இவை உதவும்.

இவற்றை எப்போது அதிகமாகத் தயாரிக்க வேண்டும் என்று முடிவு செய்வது எச்எஸ்எஃப்-1 என்ற இன்னொரு புரதம். சாதாரண நேரத்தில் இதைக் காவல் புரதங்களே பிடித்து வைத்திருக்கும். செல்லில் பழுதான புரதங்கள் பெருகியதும் காவல் புரதங்கள் அந்தப் பக்கம் ஓடிவிடும். பிடி விட்டதும் எச்எஸ்எஃப்-1 செல்லின் கருவுக்குள் போய், காவல் புரதங்களுக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். ஃபேக்டரி மொழியில் சொன்னால், லைனில் ரிஜெக்ட் பீஸ் அதிகமானதும் தானாக அடிக்கும் அலாரம் இது.

ஒரு தவறில் பிறந்த கண்டுபிடிப்பு

இந்த அலாரம் கண்டுபிடிக்கப்பட்டது தற்செயலாக. இத்தாலிய விஞ்ஞானி ஃபெருச்சோ ரிதோசா பழ ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வகத்தில் இன்னொருவர் அடைகாக்கும் பெட்டியின் வெப்பத்தைக் கூட்டிவிட்டார். மறுபடி நுண்ணோக்கியில் பார்த்தபோது குரோமோசோம்களில் அதுவரை இல்லாத இடங்களில் வீக்கங்கள் தெரிந்தன. சூடு பட்டதும் சில மரபணுக்கள் அவசரமாக வேலையைத் தொடங்கியிருந்தன. முக்கிய ஆய்விதழ் ஒன்று இதை ஏற்க மறுத்துவிட்டது. 1962-ல் வேறொரு இதழில் கட்டுரை வெளியானது. அந்த மரபணுக்கள் எந்தப் புரதங்களைத் தயாரிக்கின்றன என்பது தெரியவர 1974 வரை ஆனது.

பின்னர் இது வெப்பத்துக்கு மட்டுமான ஏற்பாடு இல்லை என்பது தெரிந்தது. நச்சு உலோகங்கள், ஆக்ஸிஜன் குறைபாடு, தொற்று என எது புரதத்தைக் கெடுத்தாலும் இந்த அலாரம் அடிக்கும். செல்லுக்குள் புரதம் தயாராகும் இன்னொரு பகுதியில் இதேபோன்ற தனி அலாரம் ஒன்றும் உண்டு. அதைக் கண்டறிந்த பீட்டர் வால்டர், கசுடோஷி மோரி இருவரும் 2014-ல் லாஸ்கர் விருது பெற்றார்கள். பார்கின்சன், அல்சைமர் போன்ற முதுமை நோய்களில் தவறாக மடிந்த புரதங்கள் மூளையில் தேங்குகின்றன. அதனால்தான் மருந்து நிறுவனங்களும் ஆய்வகங்களும் இந்த அலாரங்கள் மீது இவ்வளவு கண் வைத்திருக்கின்றன.

மருந்தை எப்படித் தேடுகிறார்கள்?

மாவு சலிப்பது போன்ற வேலைதான். சல்லடைதான் வேறு.

முதலில் செல்களில் ஒரு சிறு மாற்றம் செய்கிறார்கள். அலாரம் அடிக்கும்போது காவல் புரதம் தயாராகும் இடத்தில், மின்மினிப் பூச்சிக்கு ஒளி கொடுக்கும் நொதியின் மரபணுவைப் பொருத்துகிறார்கள். இனி அலாரம் அடித்தால் அந்தச் செல் ஒளிரும்.

அடுத்து, உள்ளங்கை அகலத் தட்டு ஒன்று. அதில் 384 குழிகள். ஒவ்வொரு குழியிலும் இந்தச் செல்கள். ரோபோ ஒவ்வொரு குழிக்கும் ஒரு வேதிப்பொருளைச் சொட்டுகிறது. சில மணி நேரம் கழித்து எந்தக் குழி ஒளிர்கிறது என்று கருவி கணக்கெடுக்கிறது. இப்படி நாளொன்றுக்குப் பல்லாயிரம் பொருட்களைப் பார்த்துவிட முடியும். ஒளிர்ந்தவற்றுக்கு 'ஹிட்' என்று பெயர்.

ஆனால் ஹிட் எல்லாம் மருந்தாகிவிடாது. சில பொருட்கள் அலாரத்தைத் தொடவே தொடாது. மின்மினி நொதியோடு ஒட்டிக்கொண்டு, அது சிதையாமல் நிற்கச் செய்து, ஒளியை மட்டும் கூட்டிக்காட்டும். அது பொய்க் கணக்கு. எனவே வேறு வகை ஒளி நொதி வைத்து மறுபடி சோதிப்பார்கள். அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். காவல் புரதம் உண்மையிலேயே கூடியதா என்று தனியாக அளப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கொத்துக் கொத்தாகப் பொருட்கள் கழிந்துபோகும்.

இதையெல்லாம் தாண்டிய பிறகும் ஒரு பெரிய சிக்கல் மிச்சமிருக்கிறது. புரதங்கள் கெட்டால் அடிப்பதுதான் இந்த அலாரம். எனவே ஒரு பொருள் அலாரத்தை அடிக்க வைத்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். அது பாதுகாப்பு ஏற்பாட்டை நேரடியாகத் தூண்டியிருக்கலாம். அல்லது அதுவே செல்லின் புரதங்களைக் கெடுக்கும் நஞ்சாக இருக்கலாம். தட்டில் இரண்டுமே ஒரே மாதிரிதான் ஒளிரும்.

அமுக்கரா சொல்லும் பாடம்

இதற்கு நம் ஊருக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. சித்த மருத்துவத்தில் அமுக்கரா என்றும், கடைகளில் அஸ்வகந்தா என்றும் விற்கப்படும் மூலிகையில் 'விதாஃபெரின்-ஏ' என்ற பொருள் உண்டு. 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெப்ப அதிர்ச்சி அலாரத்தை அடிக்க வைக்கும் பொருட்களைச் சலித்தபோது சிக்கியவற்றில் இதுவும் ஒன்று.

"பாத்தீங்களா, அமுக்கரா சாப்பிட்டா வெயில் ஒண்ணும் பண்ணாது" என்று வாட்ஸ்அப்பில் ஓடவிட இது போதும். ஆனால் அந்த ஆய்வின் நோக்கம் நேர் எதிரானது. புற்றுநோய்ச் செல்களின் புரத ஒழுங்கைக் குலைத்து அவற்றைக் கொல்லக்கூடிய பொருட்களை அவர்கள் தேடினார்கள். அலாரம் அடித்ததே, உள்ளே சேதம் நடக்கிறது என்பதற்கான அடையாளமாகத்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது. தட்டில் உள்ள செல்லில் தூய பொருளைச் சொட்டுவதும், சூரணத்தைப் பாலில் கலந்து குடிப்பதும் வேறு வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அஸ்வகந்தா மாத்திரைகளை எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. எதுவானாலும் மருத்துவரைக் கேட்காமல் வெயிலுக்கு மருந்தாக இதை எடுத்துக்கொள்ள எந்த ஆய்வும் ஆதாரம் தரவில்லை.

இதுவரை கைக்கு வந்த மருந்துகள் எவை?

இந்தத் துறையில் வெற்றியே இல்லை என்று சொல்ல முடியாது. 'போர்டெசோமிப்' என்ற மருந்து செல்லின் புரதக் குப்பையை அகற்றும் இயந்திரத்தை அடைக்கிறது. மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயின் செல்கள் அளவுக்கு அதிகமாகப் புரதம் தயாரிப்பவை. குப்பை வெளியேற வழியில்லாமல் அவை திணறிச் சாகின்றன. 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து இன்று இந்தியாவிலும் தயாராகிறது.

அலாரத்தை வலுப்படுத்தும் பக்கத்தில் அதிகம் பேசப்பட்டது 'அரிமோக்லோமால்'. ஹங்கேரியில் பிறந்த மருந்து. இதன் சிறப்பு, எல்லாச் செல்களிலும் அலாரத்தை அடிக்காது, ஏற்கெனவே சிரமத்தில் இருக்கும் செல்லில் மட்டும் அதைப் பலப்படுத்தும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியதுதான். தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். நோய்க்கு இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 2021-ல் முடிவு வந்தது: பலன் இல்லை. பிறகு, 'நீமன்–பிக் சி' என்ற மிக அரிய பரம்பரை நோய்க்கு, இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுக்க 2024 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. அந்த நோயில் இது எப்படிப் பலன் தருகிறது என்பது தெரியவில்லை என்றுதான் மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பே சொல்கிறது.

ஆரோக்கியமான ஒருவர் வெயிலில் வேலை செய்வதற்காகப் போட்டுக்கொள்ளும் வகையில் அலாரத்தைத் தூண்டும் மருந்து எதுவும் இன்று அனுமதிக்கப்படவில்லை. வருவதும் சுலபமில்லை. காரணம், இந்த அலாரத்தைப் புற்றுநோய்ச் செல்களும் தங்கள் பிழைப்புக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. எச்எஸ்எஃப்-1 இல்லாத எலிகளுக்குப் புற்றுநோய் எளிதில் உண்டாவதில்லை என்று 2007-ல் வெளியான ஆய்வு காட்டியது. அலாரத்தை வருடக்கணக்கில் முடுக்கியே வைத்திருந்தால் அது யாருக்கு உதவும் என்ற கேள்வி இருக்கிறது. சாகக் கிடக்கும் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தில் இந்த ஆபத்தை எடைபோட்டு ஏற்கலாம். 22 வயதுத் தொழிலாளிக்கு ஷிப்டுக்கு முன் கொடுக்கும் மாத்திரையில் ஏற்க முடியாது.

வெப்பத் தாக்கு வந்த பிறகும் மாத்திரை உதவாது. பாராசிட்டமால் காய்ச்சலுக்கானது. காய்ச்சலில் மூளையே வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது, மருந்து அதை இறக்குகிறது. வெயிலில் ஏறிய சூட்டுக்கு அந்த வழி பொருந்தாது. தசையைத் தளர்த்தும் 'டான்ட்ரோலின்' மருந்தை மெக்காவில் வெப்பத் தாக்குக்கு ஆளான ஹஜ் பயணிகளிடம் சோதித்தபோது பலன் தெரியவில்லை என்று 1991-ல் ஆய்வு முடிவு வந்தது.

உடல் தானாகவே செய்துகொள்ளும் ஏற்பாடு

மருந்து தர முடியாததை உடல் தானே செய்துகொள்கிறது. அதற்கு அது கேட்பது நாட்கள்.

ஒருவர் சூட்டில் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்தால் 7 முதல் 14 நாட்களில் உடல் பழகிக்கொள்கிறது. ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை சீக்கிரம் வருகிறது, அதில் உப்பு குறைகிறது. இதயத்துடிப்பு நிதானமாகிறது. அதோடு செல்களில் எச்எஸ்பி-70 போன்ற காவல் புரதங்களின் கையிருப்பும் கூடுவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதாவது, ஆய்வகங்கள் மாத்திரையில் தேடும் அதே தயார்நிலையை, அளவாகவும் தேவையான இடத்திலும், உடலே உண்டாக்கிக்கொள்கிறது.

இதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, சூடு படிப்படியாக வர வேண்டும். இரண்டு, இரவில் உடல் ஆற வேண்டும். தகரக் கூரை போட்ட அறையில் எட்டுப் பேர் நெருக்கிப் படுத்தால் அந்த இரண்டாவது நிபந்தனை போய்விடுகிறது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் வகையில் சிப்காட் கட்டிய விடுதி 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டதை வெறும் வீட்டுவசதியாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. நல்ல காற்றோட்டமுள்ள படுக்கையறையும் ஒரு தொழில் பாதுகாப்புச் சாதனம்தான்.

இந்தப் பழக்கம் நிலையானதும் அல்ல. ஒரு வாரம் விலகியிருந்தாலே குறைய ஆரம்பிக்கும். ஒரு மாதத்தில் ஏறக்குறைய போய்விடும். ஹோலிக்கு ஊருக்குப் போய் ஏப்ரலில் திரும்பும் வடமாநிலத் தொழிலாளியும், பிரசவ விடுப்பு முடித்து மே மாதம் திரும்பும் பெண்ணும், உடல் கணக்கில் புது ஆட்கள்தான்.

புதியவருக்கு என்ன வித்தியாசம் என்பதை எண்ணிலேயே சொல்லலாம். வெயில், ஈரப்பதம், காற்று, சுற்றியுள்ள பொருட்களின் அனல் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் அளவு ஒன்று உண்டு. டபிள்யூ.பி.ஜி.டி. என்பார்கள். சாதாரண வெப்பமானி காட்டுவதும் இதுவும் ஒன்றல்ல. ஓரளவு உடலுழைப்புள்ள வேலையைத் தொடர்ந்து செய்ய, அமெரிக்கத் தொழில்சுகாதார நிபுணர் அமைப்பு வகுத்திருக்கும் வரம்பு, பழகியவருக்கு 28 டிகிரி. பழகாதவருக்கு 25 டிகிரி. ஒரே லைன், ஒரே வேலை, ஆனால் புதியவருக்கு மூன்று டிகிரி முன்னதாகவே ஆபத்து தொடங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் திறந்தவெளி வேலையில் வெப்பத்தால் நேரும் மரணங்களில் 50 முதல் 70 சதவீதம் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே நடப்பதாக அந்நாட்டின் தொழில் பாதுகாப்புத் துறை சொல்கிறது. அதனால்தான் அங்கே பரிந்துரை இப்படி இருக்கிறது: புதியவருக்கு முதல் நாள் சூடான வேலை 20 சதவீத நேரம் மட்டும். அடுத்தடுத்த நாட்களில் 20 சதவீதமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

இந்தத் தொழில் வட்டாரத்தில் ஏன் இது முக்கியம்?

இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் லாரி, டயர், மோட்டார் சைக்கிள், சுங்குவார்சத்திரத்தில் செல்போனும் வீட்டு உபயோகப் பொருட்களும் என்று வளர்ந்த வட்டாரம் இது. செல்போன் அசெம்ப்ளி போன்ற இடங்கள் ஏசி போட்டவை. ஆனால் வார்ப்படம், ஃபோர்ஜிங், கண்ணாடி உலை, டயர் வேகவைக்கும் பகுதி, பெயின்ட் அடுப்பு போன்ற இடங்களில் வெளி வெயிலோடு இயந்திரச் சூடும் சேர்ந்துகொள்ளும். குடோனில் லோடு ஏற்றுபவர்கள், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிகள், புதுக் கட்டடங்களில் கம்பி கட்டுபவர்கள் என்று ஏசியைப் பார்க்காதவர்கள் நிறைய. அவர்களில் பெரும்பாலோர் கான்ட்ராக்ட். ஆள் மாறிக்கொண்டே இருக்கும். ஆள் மாற மாற, பழகாத உடல்களின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே இருக்கும்.

தமிழ்நாட்டில் இதற்கான ஆதாரங்களைத் திரட்டியதில் முக்கியப் பங்கு, இந்த வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே போரூரில் இருக்கும் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்துக்கு உண்டு. உப்பளத் தொழிலாளர்களிடம் இந்த நிறுவனத்தார் நடத்திய ஆய்வில், பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய சூட்டில் வேலை செய்வதும், சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதும் தெரிந்தது. தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த இன்னொரு ஆய்வில், அதிகச் சூட்டில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது.

உலக அளவில், ஆண்டுதோறும் 240 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அளவுக்கு மீறிய வெப்பத்தை எதிர்கொள்வதாகவும், அதனால் 18,970 உயிர்கள் போவதாகவும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-ல் மதிப்பிட்டது. முதலாளிகளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. டபிள்யூ.பி.ஜி.டி. 20 டிகிரியைத் தாண்டிய பிறகு, ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தித் திறன் 2 முதல் 3 சதவீதம் குறைகிறது என்று உலக சுகாதார அமைப்பும் உலக வானிலை அமைப்பும் 2025-ல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

மாத்திரை பேச்சு ஏன் கவலை தருகிறது?

'ஒரு மாத்திரையைப் போட்டுட்டு வேலையைப் பாரு' என்பது நம் தொழிற்கூடங்களுக்குப் புதிய யோசனை இல்லை. தமிழ்நாட்டு ஜவுளி ஆலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019-ல் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால், லீவுக்குப் பதில் பெயர் ஒட்டாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதாக அந்தப் பெண்கள் கூறியிருந்தார்கள். வலி மறைந்தது, வேலை நடந்தது. பக்கவிளைவு அவர்கள் உடலில் நின்றது.

வெயில் விஷயத்தில் அந்தப் பழக்கம் இன்னும் மோசமாக முடியலாம். சில வலி மாத்திரைகள், உடலில் நீர் குறைந்திருக்கும்போது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வெயிலில் தலைவலி என்று வருபவருக்கு அதைக் கொடுப்பது ஏற்கெனவே தவிக்கும் உறுப்பை மேலும் வதைப்பது. சில அலர்ஜி மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். ரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகள் நீரை வெளியேற்றும். இவற்றைச் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. கோடைக்கு முன் மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுவது நல்லது.

அலாரம் அடிப்பது வேறு, தீயை அணைப்பது வேறு. செல்லின் அலாரத்தை மருந்தால் இன்னும் சத்தமாக்கினாலும் உலைக்கு முன்னால் இருக்கும் அனல் ஒரு டிகிரிகூடக் குறையாது. தொழிலாளி தாக்குப்பிடிக்கும் நேரம் வேண்டுமானால் கூடலாம். அந்தக் கூடுதல் நேரம் அவருக்கு ஓய்வாகப் போகுமா, இன்னொரு ஷிப்டாகப் போகுமா என்பதை மாத்திரை முடிவு செய்யாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 13-வது பிரிவு, வேலைக்கூடத்தில் காற்றோட்டமும், உடல்நலத்துக்குக் கேடில்லாத வெப்பநிலையும் இருக்க வேண்டும் என்றது. 18-வது பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தரச் சொன்னது. அந்தச் சட்டத்துக்கான மாதிரி விதிகள், வேலைக்கூடத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றன. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றில் ஒன்றான தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டம், வெப்பம், காற்றோட்டம், ஈரப்பதம் ஆகியவற்றுக்கான தரத்தை மத்திய அரசின் விதிகளுக்கு விட்டிருக்கிறது.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. நல்ல தொடக்கம்தான். ஆனால் வெப்ப அலை என்பது வானிலை மையம் அறிவிப்பது. அறிவிப்பே இல்லாத நாளிலும் உலைக்கு முன்னால் வெப்ப அலைதான்.

மேலே சொன்னவற்றில் ஒரு விடுபடல் இருக்கிறது. அனுபவமுள்ள தொழிலாளிக்கும் முதல் நாள் தொழிலாளிக்கும் ஒரே வரம்பு. உடல் கேட்கும் அந்த 14 நாட்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

என்ன செய்ய முடியும்?

இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. புதிதாகச் சேர்பவருக்கும், ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பில் போய்த் திரும்புபவருக்கும் முதல் வாரத்தில் சூடான பகுதி வேலையைப் படிப்படியாகக் கொடுப்பது. மீதி நேரத்துக்குப் பயிற்சியோ நிழலான வேலையோ தருவது. கூலியைப் பிடிக்காமல் இருப்பது. கான்ட்ராக்ட் ஆட்களையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது. சூடான பகுதிகளில் டபிள்யூ.பி.ஜி.டி. கருவி வைத்து, அளவை எல்லோருக்கும் தெரியும்படி எழுதிப்போடுவது. தண்ணீர் குடிக்கவும் கழிவறை போகவும் லைனிலிருந்து விடுவிப்பது. கழிவறைக்குப் போக முடியாது என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் பல தொழில்களில் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

யாராவது தடுமாறினாலோ, பேச்சு குழறினாலோ, மயங்கினாலோ மாத்திரை தேட வேண்டாம். நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேன் வைக்க வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை குளிரவைப்பதை நிறுத்தக் கூடாது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ ஊற்றக் கூடாது.

ஆய்வகங்களின் தேடல் தொடர வேண்டும். பார்கின்சன் நோயாளிக்கும் அரிய நோயோடு பிறந்த குழந்தைக்கும் அதில் நம்பிக்கை இருக்கிறது. 384 குழித் தட்டில் நாளை ஒளிரப்போகும் ஏதோ ஒரு பொருள் அவர்களுக்கு உதவலாம். கம்பெனி பஸ்ஸில் இன்று முதல்முறையாக ஏறும் தொழிலாளிக்கு வேண்டியது அந்தத் தட்டில் இல்லை. ஷிப்ட் பட்டியலில் இருக்கிறது. அதைத் தர ஒரு சூப்பர்வைசரும், அவரைக் கேள்வி கேட்கும் ஒரு விதியும் போதும்.